ஐம்பத்து மூன்று வயதில் சைக்கிள்!

"ஏம்மா, இந்த வயசுல உனக்கு இது தேவையா?"

எதிர் வீட்டு அம்மாள் இப்படிக் கேட்டபோது நான் தெருவில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் என் மடியில் படுத்திருந்தது. புடவைத் தலைப்பு செயினில் மாட்டியிருந்தது. இடது முழங்காலில் 'சுரீர்' என்று எரிச்சல். அந்த வழியாக வந்த பால்காரர் தன் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் மேல் கிடந்ததைத் தூக்கி நிறுத்தினார்.

"விழாம கத்துக்கிட்டவங்க யாரும்மா கீறாங்க? எழுந்திருங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் மறுநாளும் என்னைச் சைக்கிளில் ஏற வைத்தது. அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்றைக்கு ரேஷன் கடை, மருந்துக் கடை, காய்கறி, கோயில் எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நினைக்கிற சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கதைதான். பொறுமையாகப் படியுங்கள்.

மணி அடிக்கும் தெரு

எங்கள் மணவாள நகர் திருவள்ளூரில் ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. வீரராகவப் பெருமாள் கோயிலும் கடைத்தெருவும் பாதைக்கு அந்தப் பக்கம். ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையும் நாங்களும் இந்தப் பக்கம். பெரிய சாலையில் விடியற்காலையிலேயே லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் உள் தெருக்களில் வேறு ஓர் உலகம் இருக்கிறது. ஐந்தே முக்கால் மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்தால் ஒவ்வொரு மணியாகக் காதில் விழும்.

முதலில் பால்காரர். கேரியரின் இரண்டு பக்கமும் கேன். அடுத்து பேப்பர் போடும் பையன். நிற்கவே மாட்டான், போகிற போக்கிலேயே விசிறிவிட்டுப் போவான். அப்புறம் கீரைக்காரர். ஈரச் சாக்கில் சுற்றிய முளைக்கீரைக் கட்டுகளின் பாரத்தில் சைக்கிள் பின்பக்கம் சாய்ந்தே வரும். ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் காவலாளிகள், ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆட, தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். ஏழரை மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாம் ஒரே மாதிரி அரசாங்கச் சைக்கிள். இரண்டு பெண்கள் பக்கம் பக்கமாக, பேசுவதற்காகவே மெதுவாக மிதித்துக்கொண்டு போவார்கள்.

இத்தனை வருஷமாக இதையெல்லாம் நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவள்தான். சைக்கிள் என்பது யாரோ ஏறுவது, எனக்கு அதில் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது. கடைக்குப் போக வேண்டுமா, இவர் வர வேண்டும். ஆஸ்பத்திரியா, இவர் வர வேண்டும். ரயிலுக்கா, இவர்தான் கொண்டுபோய் விட வேண்டும்.

ஸ்கூட்டர் நின்ற நாள்

இவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுவார், கண்ணைப் பரிசோதித்ததே இல்லை. "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?" என்பார். ரிடயர் ஆன மறு வருஷம், ஒரு நாள் சாயங்காலம் எதிரே வந்த மாட்டு வண்டி கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது என்றார். டாக்டரிடம் போனோம். விழித்திரையில் கசிவு. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றினார்கள். போனது திரும்பவில்லை.

"இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர்.

சகோதரிகளே, இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. தெரிகிறபோது நோய் வெகுதூரம் போயிருக்கும். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது அது.

ஸ்கூட்டர் நின்றதும் எங்கள் வீடே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. ஒரு மருந்து வாங்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கெஞ்ச வேண்டும். ஆட்டோவுக்குத் தினமும் கொடுக்க முடியுமா? நடக்கலாம் என்றால் எனக்கு முழங்கால் வலி. போதாக்குறைக்கு எனக்கும் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வந்தது. "வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையணும். முட்டி வலின்னா சைக்கிள் மிதிங்க. உடம்பு பாரத்தை சீட்டு தாங்கிக்கும், முட்டிக்கு நோகாது" என்றார் அதே டாக்டர். ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரி நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது, மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த ஒரு சைக்கிள்.

படிக்கு அடியில் கிடந்தது

அது என் மகளுடையது. பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள். தமிழ்நாட்டில் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, 2005 வாக்கில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிவுபடுத்திய திட்டம். பல லட்சம் பெண்கள் அந்தச் சைக்கிளில் படித்து முன்னுக்கு வந்தார்கள்.

என் மகளுடைய சைக்கிள் மட்டும் எங்கள் தெருவைத் தாண்டவில்லை. தாண்ட விடாதவள் நான்.

அவள் பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். காலை ஆறு மணிக்குக் கணக்குக்குத் தனி வகுப்பு வைத்தார்கள். இவருக்கு அப்போது காலை ஷிப்டு. கொண்டுபோய் விட ஆளில்லை. "சைக்கிள்லயே போயிடறேம்மா, என்கூட நாலு பேர் வர்றாங்க" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டுல, லாரி போற ரோட்டுல, வயசுக்கு வந்த பொண்ணு... வேண்டாம். வீட்டுலயே படி" என்றேன். இரண்டு நாள் அழுதாள். அப்புறம் கேட்கவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்தது. அவள் ஆசைப்பட்ட படிப்பு கிடைக்கவில்லை. கிடைத்ததைப் படித்தாள், இப்போது சென்னையில் கணக்கு எழுதும் உத்தியோகத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் சாக்கை எடுத்து அந்தச் சைக்கிளைப் பார்த்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

புதுக்கோட்டையில் அந்த வருஷம்

நான் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்துப் படிப்போடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார்! வீட்டை விட்டு நாலு இடம் போய்வர முடிந்தால்தான் பெண்ணுக்குத் தைரியம் வரும் என்பது அவர் எண்ணம். சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி பாங்குகளையும் வற்புறுத்தினார்.

அடேயப்பா! அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். களத்து மேட்டில், கண்மாய்க் கரையில், பள்ளிக்கூட மைதானத்தில் எங்கே பார்த்தாலும் பெண்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், வயலில் நாற்று நடுகிறவர்கள், பாலவாடி டீச்சர்கள், நர்சுகள். பயிற்சிக்கு வரும்போது இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டே புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்கள். ஊரே வாயைப் பிளந்தது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிற்பாடு இதைப் பற்றி எழுதினார். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன கணக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருத்திக்கு மேல்!

எங்கள் வீட்டிலேயே அந்த நாலில் ஒருத்தி இருந்தாள். என் அண்ணி.

அண்ணன் அப்போது சிங்கப்பூரில். மணியார்டர், பாங்கு, கடுதாசி, பிள்ளைக்கு ஊசி என்று எதற்கும் அண்ணி யாரையாவது எதிர்பார்க்க வேண்டும். அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒம் புருஷனுக்கு எழுதிக் கேளு" என்று அப்பா தட்டிக் கழித்தார். அண்ணன் வேண்டாம் என்றுதான் எழுதுவான் என்று நினைத்தார். மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தில் ஒரே வரி: கற்றுக்கொள்ளட்டும்!

லேடீஸ் சைக்கிள் அந்தச் சமயம் கடைகளில் தட்டுப்பாடு. வந்ததெல்லாம் விற்றுப் போயிற்று. அண்ணி வாங்கியது பார் வைத்த பெரிய ஆம்பிளை சைக்கிள். ஆரம்பத்தில் சிறு பையன்கள் மாதிரி குரங்குப் பெடல் போட்டாள். பத்தே நாளில் சீட்டில் ஏறிவிட்டாள். அப்புறம் 'லேடீஸ் சைக்கிள் வந்திருக்கு, மாத்திக்கிறியா?' என்று கேட்டதற்கு, "இதான் நல்லாருக்கு. பார்ல புள்ளைய உக்கார வச்சுக்கலாம்" என்றாள். நிறையப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. "அப்பா, நானும்..." என்று ஆரம்பித்தேன்.

"அவ புருஷன் எழுதிட்டான். ஒனக்கு யாரு எழுதுறது? நாளைக்குப் பாக்க வர்றவுக என்ன நெனைப்பாக?" என்றார் அப்பா.

கதவுக்குப் பின்னால் நின்று அண்ணி மணி அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். மறு வருஷம் கல்யாணம். மணவாள நகர் வந்துவிட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். நானும் என் மகளுக்கு அப்படி நினைத்துத்தான் செய்தேன்.

டாக்டர்களே பயந்த காலம்

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவில் இருக்கிற இப்போதைய மாதிரிச் சைக்கிள் இங்கிலாந்தில் 1885-ல் வந்தது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். உடனே பெண்களும் ஏற ஆரம்பித்தார்கள். பொறுக்குமா உலகத்துக்கு? சைக்கிள் விடுகிற பெண்களுக்கு முகமே கோணிப்போகும், கண் பிதுங்கும் என்று 1890-களில் டாக்டர்களே எழுதினார்கள். 'சைக்கிள் முகம்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு! யாருக்கும் முகம் கோணவில்லை. 1896-ல் அமெரிக்காவில் பெண்கள் உரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனி அம்மையார், பெண் விடுதலைக்குச் சைக்கிள் செய்த அளவுக்கு வேறெதுவும் செய்யவில்லை என்ற பொருளில் பேசினார்.

நம் நாட்டுக்கு வருவோம். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் அதிகமானார்கள். அதில் ஆண் பெண் வித்தியாசம் 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஆறு மணிக் கணக்கு வகுப்புதான் உறுத்தியது.

சைக்கிளுக்கு வைத்தியம்

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனைக் கடைக்குப் போனேன். மெக்கானிக்குக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பிரேம் நல்லாத்தாம்மா கீது. டயர், டியூப் ரெண்டும் போச்சு. பின் வீல்ல கோட்டம் கீது, எடுத்துரலாம். பிரேக் கட்டை மாத்தணும். ஓவராயில் பண்ணிட்டா புதுசுதான். யாருக்கும்மா, பேத்திக்கா?"

"எனக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சீட்டை நன்றாகக் கீழே இறக்கினார். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டார். "இடது பெடலுக்கு மறை தலைகீழா இருக்கும்மா, எல்லாரும் தப்பாத்தான் திருப்புவாங்க" என்று பாடமும் நடத்தினார். "பெடல் இல்லாம, காலால தரையைத் தள்ளித் தள்ளிப் போங்க. ரெண்டு காலையும் தூக்கிட்டு பத்தடி போக வந்துட்டா, பெடலை மாட்டித் தர்றேன்."

அதுதான் என் பள்ளிக்கூடம். விடிவதற்கு முன், மனை போட்டுக் கல் நட்ட காலி இடத்தில் பாடம். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு இவர். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது; எனக்குச் சைக்கிள் தெரியாது. எப்படிப்பட்ட ஜோடி பாருங்கள்! "நேரா பாரு, சக்கரத்தைப் பாக்காதே" என்று அவர் கத்துவார். "நீங்க விட்டுடாதீங்க" என்று நான் கத்துவேன். பெடல் மாட்டிய மூன்றாம் நாள், "விட்டுடாதீங்க" என்று நான் கத்தியதற்குப் பதில் வெகு தூரத்திலிருந்து வந்தது. எப்போதோ விட்டுவிட்டார்! அந்தத் தைரியத்தில் மறுநாள் தெருவுக்கு வந்துதான், முதலில் சொன்ன மாதிரி, எதிர் வீட்டு அம்மாள் முன்னால் விழுந்தேன்.

அண்ணி சொன்னது

சைக்கிள் பழகிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு காதுகுத்துக்காகப் பிறந்த ஊருக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு என்னை அழைத்துப் போக வந்தவள் அண்ணி, ஸ்கூட்டியில்! வழியில் சுற்றிலும் தேடிப் பார்த்தேன். 1992-ல் பார்த்த மாதிரி சாரி சாரியாகச் சைக்கிளில் போகிற பெண்களைக் காணோம். எல்லாரும் வண்டியில் பறக்கிறார்கள்.

"என்ன அண்ணி, அவ்வளவு பாடுபட்டுக் கத்துக்கிட்ட சைக்கிளை எல்லாரும் விட்டுட்டாங்களே?" என்றேன்.

அண்ணி சிரித்தாள். "சைக்கிளு போயிருச்சு. அன்னைக்குப் போன பயம் திரும்பி வரலத்தா. எம் பேத்தி வண்டி எடுத்துக்கிட்டு காலேசுக்குப் போறா, யாராச்சும் 'எங்க போற'ன்னு கேக்குறாகளா? அன்னைக்கு எனக்கு ஊரே கேட்டுச்சு."

நான் சைக்கிள் கற்றுக்கொள்வதைச் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள். "இப்பவாச்சும் ஒனக்கு நீயே கடுதாசி எழுதிக்கிட்டியாக்கும்!" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

சைக்கிள்காரர்களின் உலகம்

சைக்கிளில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, இது ஒரு தனி உலகம். ஸ்கூட்டரில் போனபோது யாரும் என்னோடு பேசினதில்லை. இப்போது கீரைக்காரர் எதிரே வந்தால் மணி அடித்துவிட்டுத்தான் போகிறார். ஒரு நாள் செயின் கழன்றது. நான் இறங்கி முழிப்பதற்குள் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நின்று, ஒரு குச்சியை எடுத்து, இரண்டு நிமிஷத்தில் மாட்டிவிட்டு, கருப்புக் கையோடு போய்விட்டாள். மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் விவகாரம் பூராவும் தெரிந்துவிடும். பெட்ரோல் செலவில்லை என்பது இருக்கட்டும், நினைத்த இடத்தில் நிறுத்தி முருங்கைக்காய் பேரம் பேசலாம் என்கிற சௌகரியம் எந்த வண்டியில் உண்டு? சைக்கிள் ஒன்றும் எங்கள் பக்கத்துக்கு அந்நியமும் இல்லை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாடு முழுக்க ஓடிய சைக்கிள்களைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி, 1949-ல் தோன்றி இதே ரயில் பாதையில் இருக்கும் அம்பத்தூரில் வளர்ந்ததுதான்.

எல்லாம் இன்பமயம் என்று சொல்லமாட்டேன். பெரிய சாலையில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் இடம் கிடையாது. லாரி ஹாரன் அடித்தால் உயிர் தொண்டைக்கு வருகிறது. அமாவாசையன்று வீரராகவர் குளத்துக்கு வருகிற கூட்டத்தில் கோயில் பக்கம் போகவே முடியாது. அன்றைக்கு நான் சைக்கிளைத் தொடுவதில்லை. பெரிய சாலையைக் கடக்க வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஹாலந்து தேசத்தில் இன்று ஜனத்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம். பாட்டிகள்கூடச் சைக்கிளில்தான் கடைக்குப் போகிறார்கள். ஆனால் அங்கேயும் அது தானாக வரவில்லை. கார்கள் பெருகி, 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் பெற்றோர்கள் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தெருவில் இறங்கினார்கள். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் போடுவதில் அரசாங்கம் அப்போதுதான் மும்முரமாக இறங்கியது. நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற சாலையில் ஓரமாக ஒரு பாதை கேட்பது பேராசை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படி ஒரு பாதை இருந்திருந்தால் நானும் என் மகளை அனுப்பியிருப்பேனோ என்னவோ.

ஏறப் போகிறவர்களுக்கு

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்:

* சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்காதீர்கள். இடுப்பில் இரண்டு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள்.

* பழகும்போது சீட் தாழ்வாக, இரண்டு பாதமும் தரையில் படும்படி இருக்கட்டும். பழகிய பின் உயர்த்துங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரியான உயரம். சீட் தாழ்வாகவே இருந்தால் முட்டி வலி கூடும்.

* புடவை கட்டுகிறவர்கள் பின் சக்கரத்துக்கு வலையும், செயினுக்கு மூடியும் போடாமல் ஏறாதீர்கள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நான் பட்டது போதும்!

* இடது ஓரமாகவே போங்கள். விடிகாலை, இருட்டில் முன்னால் விளக்கும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் வேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் இரண்டு நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள்.

* டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி காற்றில் மிதித்தால் இரட்டிப்புப் பாடு.

* சைக்கிள் இதயத்துக்கும் தொடைச் சதைக்கும் நல்லது. எலும்பு வலுவுக்கு அது மட்டும் போதாது. முட்டி இடம் கொடுக்கிற அளவுக்குக் கொஞ்சம் நடக்கவும் வேண்டும்.

எனக்கு ஆறு மாதத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு உள்ளே வந்தது. முழங்கால் வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மாடிப்படி ஏறுவது சுலபமாகியிருக்கிறது.

பன்னிரண்டு நிமிஷம்

முதன்முதலில் தெருமுனை வரை ஓட்டிய அன்று மகளுக்குப் போன் செய்தேன். "உன் சைக்கிள்ல இன்னிக்கு கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றேன் பெருமையாக. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நல்லதும்மா" என்றாள். பிறகு, "அன்னிக்கு நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இரு, அப்பா கூப்பிடறாரு" என்று வைத்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு வந்திருந்தாள். இரண்டாம் நாள் விடியற்காலை நான் கோலம் போட எழுந்தபோது வாசலில் சைக்கிளைக் காணோம். திருட்டுப் போயிற்றோ என்று பதறிக்கொண்டு தெருவில் நின்றேன். இருட்டு பிரியாத நேரம். தூரத்தில் ஒரு விளக்கு வந்தது. மணி அடித்துக்கொண்டு என் மகள் வந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் பனி ஈரம்.

"எங்கடி போயிட்டே?"

"என் ஸ்கூல் கேட் வரைக்கும்" என்றாள். "டைம் பாத்தேன்ம்மா. பன்னிரண்டு நிமிஷந்தான் ஆச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. வெறுமனே சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்புப் பண்ணிட்டேன்டி" என்றேன். என் அப்பா எனக்குச் சொல்லாமலே போன வார்த்தை அது.

"சரி, விடும்மா. காபி குடு" என்று உள்ளே போனாள். ஊருக்குக் கிளம்பும்போது தன் நாலு வயது மகளைத் தூக்கிச் சைக்கிள் சீட்டில் உட்கார வைத்து, "லீவுக்கு வரும்போது பாட்டி கத்துக் குடுப்பாங்க" என்றாள்.

மெக்கானிக்கிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பெடல் கழற்றிய குட்டிச் சைக்கிள் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது.